மம்ரேயின் விருந்தினரும் ரெம்பிராண்டின் ஊசியும்

தேவதூதர் என்றவுடன் சிறகும் பேரொளியும் நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் அவரைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் செய்தி கொண்டுவரும் பணியையே சுட்டுகின்றன, தோற்றத்தை அல்ல. இவ்வேறுபாட்டை டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் இரண்டு அச்சுப்படங்களில் காண்கிறோம்.

அச்சுப்படம் உருவாகும் முறை இதுவாகும்: செப்புத்தகட்டின்மீது மெழுகு கலந்த பூச்சிட்டு, ஊசியால் கோடுகள் கீறி, அதனை அமிலத்தில் இடுவர். கீறிய இடங்களை அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால், படம் இடவலம் மாறிப் பதியும். இத்தாள்கள் பல நாடுகளிலும் பரவின. முன்னோரின் படைப்புகளைப் படியெடுத்தே அக்கால இளம் ஓவியர் பயிற்சி பெற்றனர்.

1634-இல் ரெம்பிராண்டு மேய்ப்பருக்குத் தூதன் தோன்றிய காட்சியைப் பதித்தார். இருளைப் பிளந்து ஒளி பாய்கிறது. மந்தையும் மனிதரும் அஞ்சிச் சிதறுகின்றனர். பரோக்குக் கலையின் பெருமிதம் அதில் நிறைந்துள்ளது.

1656-இல் வெளிவந்த 'தூதரை உபசரிக்கும் ஆபிரகாம்' முற்றிலும் வேறானது. ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்து விருந்தினர் தரையில் விரித்த விரிப்பில் அமர்ந்திருக்கின்றனர். இருவருக்குச் சிறகுண்டு, நடுவில் வீற்றிருக்கும் தாடியுடைய முதியவருக்கோ சிறகில்லை. ஆபிரகாம் குடுவையேந்திப் பணிந்து நிற்கிறார். கதவின் பின்னே சாராள் செவிமடுக்கிறாள்.

இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய அக்காலத்தில் ரெம்பிராண்டு இந்திய முகலாயச் சிற்றோவியங்களைப் படியெடுத்தார். அப்படிகளில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. மரத்தடியில் அமர்ந்த நான்கு இஸ்லாமியப் பெரியவர்களைக் காட்டும் படி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் அமர்ந்த விதமே ஆபிரகாமின் விருந்தினருக்கு மாதிரியாயிற்று.

அப்போது ரெம்பிராண்டு ஐம்பதை எட்டிய, புகழ்பெற்ற ஆசான். கடன் தீர்க்க இயலாமல் அவருடைய உடைமைகள் பட்டியலிடப்பட்ட ஆண்டும் அதுவே. அந்நிலையிலும் முன்பின் அறியாத கைகளின் கோடுகளை மாணவனைப்போல் பின்பற்றினார். பின்பு திருமறைக்குத் திரும்பி, அக்கோடுகளால் அதன் பொருளை விளக்கினார்.

திருப்பணிக்கு ஆயத்தமாகும் நாமும் முன்னோரின் பிரசங்கங்களைப் படியெடுக்கிறோம். அது குற்றமன்று, ஆனால் படியோடு நின்றுவிட்டால் நம் சபைக்குச் செய்தி இல்லை. பிற சமயத்தார் கையிலிருந்து கற்பதற்கு அஞ்சுவதும் தகாது. அந்நியரை உபசரிக்க மறவாதிருக்கும்படி எபிரெயர் 13:2 கட்டளையிடுகிறது. அந்நியரின் கலையைப் பணிவோடு ஏற்ற ஓவியருக்கே, தூதர் விருந்தினராய் வந்த காட்சி துலங்கிற்று என்பது நம் சிந்தனைக்கு உரியது.