கவுன்சலரிடம் சொன்னால் வெளியே தெரிந்துவிடுமா?

தூக்கம் வரவில்லை, சட்டென்று கோபம் வருகிறது என்று மனநல ஆலோசனைக்குப் போகிறவர்கள் பலர். ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் பழைய காயத்தைச் சொல்லவேண்டிய நேரம் வரும்போது வாய் அடைத்துப்போகிறது. சிறுவயதில் உறவினர் ஒருவர் தவறாக நடந்துகொண்டது, கணவரிடம் வாங்கிய அடி... 'சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, போலீஸுக்குப் போய்விடுமோ?' என்ற பயம் நியாயமானதுதான்.

ரகசியம் உங்கள் உரிமை

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சையில் தெரியவரும் தகவல்களை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை என்கிறது. ஃபீஸ் கட்டுபவர் என்ற ஒரே காரணத்துக்காக யாரிடமும் உங்கள் கதையைச் சொல்லிவிட முடியாது.

'கவுன்சலர்' என்று பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் பதிவு பெற்றவர்கள் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

எப்போது சொல்லலாம்?

உயிருக்கு ஆபத்து என்றாலோ, வேறொருவருக்குத் தீங்கு நேரும் என்றாலோ, நீதிமன்றம் உத்தரவிட்டாலோ தகவலை வெளியிடலாம். தீங்கைத் தடுப்பதற்காக என்றால், அதற்குத் தேவையான அளவு மட்டுமே சொல்லவேண்டும். சிகிச்சைக்காக மற்ற மருத்துவர்களிடம் பகிரவும் இடம் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கறாரானது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், யாராக இருந்தாலும் போலீஸில் தெரிவிக்கவேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம். தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். கவுன்சலருக்கும் இது பொருந்தும். அன்று உங்களுக்குத் தீங்கு செய்தவரிடம் இன்றும் குழந்தைகள் பழகுகிறார்கள் என்றால், கவுன்சலர் அதைப் பற்றி உங்களிடம் கேட்கக்கூடும்.

பலருக்கும் தெரியாத ஒன்று

உங்கள் சார்பில் செயல்படும் 'நியமனப் பிரதிநிதி'க்கு, அவருடைய கடமைக்குத் தேவையான தகவல்களைத் தரலாம். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால், அந்த இடத்துக்கு உறவினர் வரமுடியும். காயம் தந்தவரே அந்த உறவினராக இருந்தால்? அதனால், நம்பிக்கையான ஒருவரின் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். கணவருக்குப் பதில் அக்காவையோ தோழியையோகூட நியமிக்கலாம்.

முதல் நாளே கேளுங்கள்

* நான் சொல்வதில் எதை, யாரிடம், எப்போது சொல்லவேண்டி வரும்?
* குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள்?
* ஆபீஸ் அல்லது கல்லூரி ஏற்பாடு செய்த கவுன்சலிங் என்றால், அவர்களுக்கு அறிக்கை போகுமா?
* வெளியே சொல்லவேண்டிய நிலை வந்தால், முதலில் எனக்குச் சொல்வீர்களா?

இவற்றைக் கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல கவுன்சலர் பொறுமையாகப் பதில் சொல்வார். மழுப்பினால் வேறொருவரைத் தேடலாம்.

வீடியோ காலில் பேசுகிறீர்களா? ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலருடைய ரகசியம் கசிவது மெல்லிய சுவர் வழியாகத்தான்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. 'பழைய காயம் ஒன்று இருக்கிறது, இப்போது சொல்ல முடியவில்லை' என்ற ஒரு வரியே தொடக்கத்துக்குப் போதும். பெயரையும் விவரத்தையும் நம்பிக்கை வந்த பிறகு சொல்லலாம். உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.