நாணல் தண்டில் ஏரியின் கணக்கு

குளத்துப் படியில் கால் வழுக்காதவர் நம்மில் எவரும் இரார். அவ்வழுக்கலுக்குக் காரணமான பாசியே ஏரிக்கரை நாணலிலும், நீருள் அமிழ்ந்த தண்டைச் சுற்றி, மெல்லிய உறைபோல் படர்கின்றது. அதனை அற்பமென்று நாம் தள்ளிவிடுகின்றோம். ஆயினும் ஏரியின் வாழ்வும் தாழ்வும் முதலில் பதிவாவது அவ்வுறையிலேயே.

இவ்வுண்மையை நன்கு காட்டியவை, இங்கிலாந்தின் கிழக்கே நார்போக் பகுதியிலுள்ள 'பிராட்ஸ்' என்னும் ஆழமற்ற ஏரிகள். இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகளே பின்னர் நீர் நிறைந்து இவ்வேரிகளாயின. இங்கு விளையும் நாணலைக் குளிர்காலத்தில் அறுத்துக் கூரை வேய்வர்.

பாசிக்கும் பருவம் உண்டு. இளவேனிலில் ஒளி கூடியதும், நீரில் சேர்ந்திருந்த சத்துக்களைக் கொண்டு 'டயாட்டம்' என்னும் பழுப்புநிற நுண்பாசி பெருகுகின்றது. மணலிலுள்ள சிலிக்காவே அதன் ஓடு. நீரில் அது குறையவே பெருக்கமும் தளர்கின்றது. கோடையில் பச்சைநிற இழைப்பாசி தலையெடுக்கின்றது. எனினும் நத்தைகளும் சிறு புழுக்களும் அதனை மேய்கின்றன. நாணலின் நிழலும் அதனை அடக்குகின்றது. இலையுதிர் காலத்தில் டயாட்டம் மீண்டும் தழைப்பதுண்டு. குளிர்காலத்தில் பட்டுப்போன தண்டும் பாசிக்கு இருப்பிடமாகின்றது.

சாக்கடை நீரும் வயல் உரமும் கலந்து, பாஸ்பரசும் நைட்ரஜனும் மிகுந்தால் இவ்வொழுங்கு குலைகின்றது. நாணலின் தலை நீருக்கு மேல் நிற்பதால் அது ஒளி பெறுகின்றது. நீருக்குள்ளேயே வாழும் செடிகளோ, தம்மேல் படர்ந்த பாசியால் ஒளியிழந்து நலிகின்றன. அதன் பின்னரே நீர் முழுவதும் பச்சையாகின்றது என்று 1978-இல் பிலிப்ஸ், எமின்சன், மாஸ் என்னும் அறிஞர் மூவர் விளக்கம் தந்தனர்.

கெட்ட ஏரியை மீட்பது எளிதன்று. அங்குள்ள காக்ஷூட் ஏரியை 1982-இல் அணையிட்டு ஆற்றினின்று பிரித்து, சத்து மிகுந்த அடிச்சேற்றை அகற்றினர். செடிகள் மீண்டன, ஆனால் சில ஆண்டுகளில் மறுபடியும் குன்றின. மிதக்கும் பாசியை உண்ணும் நீர்த்தெள்ளுகளை மீன்கள் தின்றுவந்தன. ஆதலால் பின்னர் மீன்களையும் அகற்ற நேர்ந்தது.

நாம் குடியேறி வாழும் ஊரின் ஏரியும் நமது ஏரியே. மாலையில் குழந்தைகளுடன் கரையோரம் உலாவும்போது ஒரு நாணல் தண்டைத் தடவிப் பார்ப்போம். எப்பருவத்திலும் பாசி தடித்தே இருப்பின், எங்கேனும் சாக்கடை வந்து விழுகின்றதா என்று கவனித்து, நகராட்சிக்கு எழுதுவோம். நீர் பச்சையான பின் வருந்துவதிற் பயனில்லை. வெள்ளம் வருமுன்னரே அணை கோல வேண்டும்.