ஒட்டுப்போட்ட தோலா? விஞ்ஞானிகளைத் திணறடித்த பிளாட்டிபஸ்!

வாத்தின் அலகு, நீர்நாயின் ரோமம், பீவரின் தட்டை வால், விரல்களுக்கு நடுவே சவ்வு. 1799-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா முன்னால் கிடந்த காய்ந்த தோல் இப்படித்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த தோல் அது. பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம். யாரோ வேலையைக் காட்டியிருக்கிறார்களோ?

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. குரங்கின் உடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்து, 'கடல்கன்னி' என்று மாலுமிகளின் தலையில் கட்டிய காலம் அது. வாத்து அலகை ஒரு தோலில் ஒட்டுவது பெரிய வித்தையா என்ன? ஷா அலசி ஆராய்ந்தார். ஒட்டு இருக்கிறதா என்று கத்தரி வைத்தே பார்த்தார் என்றொரு கதையும் உண்டு. தையலும் இல்லை, பசையும் இல்லை. அது உண்மையான விலங்குதான். இன்று நாம் பிளாட்டிபஸ் என்று அழைக்கும் விலங்கு!

உரிப்பதும் ஒரு கலைதான்

சிறு விலங்கின் தோலை மியூசியத்துக்காக உரிப்பது நிதானமான வேலை. கத்தியைத் தொடுவதற்கு முன்பே எடை, உடல் நீளம், வால் நீளம், பின்னங்கால், காது என எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும். உரித்த தோல் நீளும், காய்ந்தால் சுருங்கும். பிறகு எடுக்கும் அளவை நம்ப முடியாது.

அடுத்து, வயிற்றில் ஒரே ஒரு நீள வெட்டு. அதுவும் தோல் மட்டும் அறுபடும் ஆழத்துக்குத்தான். கத்தி உள்ளே இறங்கினால் குடல் கிழிந்து ரோமம் பாழாகிவிடும். ஈரத்தை உறிஞ்ச மக்காச்சோள மாவோ மரத்தூளோ தூவிக்கொண்டே, பனியனைத் தலைவழியாகக் கழற்றுவதுபோலத் தோலை மெல்லப் புரட்டுவார்கள். காது, கண் இமை, உதடு ஆகிய மூன்று இடங்களிலும்தான் கை நடுங்கும். அங்கே அவசரப்பட்டால் முகமே கெட்டுப்போகும்.

தோலில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டி எடுத்து, பூச்சி அரிக்காமல் மருந்து தடவ வேண்டும். அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்டது ஆர்செனிக் கலந்த சோப்பு. 18-ம் நூற்றாண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் உருவாக்கியது. பழைய மியூசியத் தோல்களை இன்றைக்கும் கையுறை போட்டுத் தொடுவது இந்த விஷத்துக்குப் பயந்துதான். கடைசியாக உள்ளே பஞ்சு அடைத்து, வயிற்றைத் தைத்து, காலில் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். எங்கே, எப்போது கிடைத்தது, ஆணா பெண்ணா என்ற விவரங்கள் அதில் இருக்கும். சீட்டு தொலைந்தால் ஆராய்ச்சியாளருக்கு அந்தத் தோலின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

தோல் மறைத்த உண்மை

உயிருள்ள பிளாட்டிபஸின் அலகு ரப்பர்போல மிருதுவானது. தண்ணீருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு, இரையின் உடலில் எழும் மெல்லிய மின்துடிப்பை அந்த அலகால்தான் அது கண்டுபிடிக்கிறது. செத்துக் காய்ந்த பிறகு அலகு விறைத்து, கறுத்து, தனியாக ஒட்டவைத்ததுபோல ஆகிவிடும். தோலை மட்டும் பார்த்தவர்கள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

தோலில் உள்ளுறுப்புகள் இருக்காது. அதனால் 'இது முட்டையிடுமா, குட்டி போடுமா?' என்ற சண்டை பல பத்தாண்டுகள் நீண்டது. 1884-ல் வில்லியம் கால்டுவெல் என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவுக்கே போய், முட்டையிடும் என்று உறுதிசெய்து தந்தி கொடுத்தார். அவருக்கு விலங்குகளைத் தேடிப் பிடித்துத் தந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். முட்டை விஷயம் அவர்களுக்கு முன்பே தெரியும். ஐரோப்பியர்கள்தான் நம்பவில்லை.

ஆராய்ச்சிக்குச் சில தோல்கள் போதும். வியாபாரத்துக்குப் போதவில்லை. பிளாட்டிபஸின் ரோமம் தண்ணீர் புகாத அளவுக்கு அடர்த்தியானது. கோட்டுக்கும் விரிப்புக்கும் ஏற்றது என்று வேட்டையாடித் தள்ளினார்கள். அரை மீட்டர் நீளமே உள்ள விலங்கு. ஒரு விரிப்புக்கு எத்தனை உயிர் போயிருக்கும்! 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டம் குறுக்கே வந்த பிறகே அந்த வேட்டை ஓய்ந்தது. இன்று வேட்டை இல்லை. ஆனால் வறட்சியும் அணைகளும், இறால் வகைகளைப் பிடிக்கப் போடும் பொறிகளும் அதை வதைக்கின்றன. பொறிக்குள் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கியே செத்துவிடும். அழிவை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இப்போது பிளாட்டிபஸும் இருக்கிறது.

இருட்டில் ஒளிர்ந்த ரோமம்

அமெரிக்க மியூசியங்களின் இழுப்பறைகளில் கிடந்த மூன்று பிளாட்டிபஸ் தோல்கள்மீது ஆராய்ச்சியாளர்கள் புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பழுப்பு ரோமம் நீலப்பச்சையாக ஒளிர்ந்தது! 2020-ல் இந்தச் செய்தி வெளியானபோது உலகமே வியந்தது. அந்தத் தோல்களை உரித்துக் காயவைத்தவர்கள் கனவிலும் நினைக்காத கேள்வி இது.

கோட்டாகவும் விரிப்பாகவும் போன தோல்கள் தேய்ந்து மறைந்தன. பொறுமையாக உரித்து, அளந்து, சீட்டுக் கட்டிவைத்த தோல்களிடம் இன்னமும் கேள்வி கேட்க முடிகிறது. அவற்றைப் புரட்டிப் பார்ப்பதற்காகப் புதிதாக எந்தப் பிளாட்டிபஸும் சாக வேண்டியதில்லை.