ஆடியில் எழும் பந்தல்: சித்தூர், திருப்பதிக் கொல்லைகளில் காய்கறி

சித்தூரின் முறக்கம்பட்டு, திருப்பதியை ஒட்டிய அவிலாலா, பேரூர், திருச்சானூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் எழுந்துள்ள தனி வீடுகள் பலவற்றில், கட்டடமும் மதிற்சுவரும் போக எஞ்சும் திறந்த நிலம் ஒரு சென்ட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 435 சதுர அடிக்கு, மேற்படுவதில்லை. அந்தச் சிறு நிலத்தையும் தூசிக்கும் சேற்றுக்கும் அஞ்சிச் சிமென்ட் பூசி மூடிவிடும் வழக்கம் பரவி வருவது வருந்தத்தக்கது. ஏனெனில் கோடையில் சூடேறி இரவெல்லாம் வெப்பத்தை உமிழும் அந்தத் தளம், மழைக்காலத்தில் நீரைத் தரைக்குள் இறங்க விடாமல் தெருவுக்குத் தள்ளுவதோடு, ஒரு குடும்பத்தின் கீரைத் தேவையை நிறைவேற்றப் போதுமான மண்ணையும் பறித்துவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கின்றன. நால்வர் உள்ள வீட்டுக்கு இது ஒன்றரைக் கிலோவுக்கு மேலாகும் என்பதால், ஒரு சென்ட் நிலம் அதை முழுவதும் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பிழை. ஆயினும் கீரை, கறிவேப்பிலை, முருங்கை, அவரை, பீர்க்கை ஆகியவற்றைக் கடையில் வாங்காமலே சமாளிக்கும் அளவுக்கு அந்நிலம் போதும்.

புதிதாகத் தோட்டம் தொடங்குவோரில் பலர் முதலில் நடுவது தக்காளி. நாற்று எளிதில் கிடைப்பதும், தக்காளி மிகுதியாக விளையும் மதனப்பள்ளி அருகிலேயே இருப்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால் 2022 ஏப்ரல் வரை ஒரே சித்தூர் மாவட்டமாக இருந்த இந்தப் பரப்பின் நில உயரம் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது என்பதை அவர்கள் கருத்தில் கொள்வதில்லை. மதனப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்தூர் அதில் பாதி உயரம்கூட இல்லை. சேஷாசல மலையின் அடிவாரத்தில் அமைந்த திருப்பதியோ 160 மீட்டர் அளவிலேயே நிற்கிறது. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும்போது தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழப்பதால் பூக்கள் காயாக மாறாமல் உதிர்கின்றன. மேட்டுநிலக் குளுமையில் கோடையிலும் காய்த்து இந்தியாவெங்கும் லாரி ஏறும் அதே பயிர், மே மாதத்தில் 40 பாகையைச் சாதாரணமாகக் கடக்கும் திருப்பதியில் இலையும் தண்டுமாக நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். சமவெளிக் கொல்லையில் தக்காளியைப் புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் நட்டால், தை, மாசியில் பழம் பறிக்கலாம். இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்களின் தொல்லையும் அந்தக் குளிர்ந்த மாதங்களில் குறைவு.

இப்பகுதியின் ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் அளவிலானது. அதைத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கிட்டுத் தருகின்றன என்பது தோட்டக்காரர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆடியில் விதைத்தது முதல் மழையில் வேரூன்றி, இரண்டாவது மழையில் காய்த்து, பனிக்காலம் முழுதும் பலன் தருகிறது. ஆகவே இங்கே தோட்ட ஆண்டு ஆடியில் தொடங்குகிறது என்று கொள்வதே பொருத்தம். வெயிலின் போக்கும் அப்படியே கணக்கிடத்தக்கது. டிசம்பர் பிற்பகுதியில் இந்த அட்சரேகையில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்து 53 பாகை உயரத்தில் நிற்பதால், 10 அடி உயரமுள்ள ஒற்றைமாடி வீடு தன் வடபுறத்தில் ஏழரை அடி தூரம் நிழல் வீழ்த்துகிறது. எனவே பனிக்காலப் பயிர்களுக்கு வடபுறக் கொல்லையில் சுவரை ஒட்டிய இடம் உதவாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் தலைக்கு வடக்கே செல்வதால், அதே இடத்துக்கு அக்காலத்தில் வெயில் கிடைக்கிறது.

வீட்டுமனைகளில் பெரும்பாலும் கட்டட இடிபாடும் கிராவலும் நிரப்பப்பட்டிருக்கும். ஒன்றரை அடி ஆழம் தோண்டிக் கல்லையும் சிமென்ட் கட்டிகளையும் அகற்றி, செம்மண், ஏரி வண்டல், மக்கிய சாணி எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புவது தவிர்க்க முடியாத முதல் வேலை. கோடையில் ஏரிகள் வற்றும்போது வண்டலை வாரி வயலுக்கு அடிப்பது இப்பகுதி உழவர்களின் பழைய வழக்கமாதலால், அப்பருவத்தில் ஒரு டிராக்டர் சுமை வண்டலை இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

இனி, சிறு கொல்லையில் கட்டத்தக்கவற்றுள் முதன்மையானது பந்தல். தரையில் 100 சதுர அடி இல்லாத வீட்டிலும் தலைக்கு மேல் 100 சதுர அடி இருக்கிறது. பந்தல் அதைப் பயன்படுத்திக்கொள்வதுடன், இந்த ஊர்களின் கொடுமையான வெயிலைத் தடுத்துத் தனக்குக் கீழே ஒரு மென்னிழலையும் உண்டாக்குகிறது. கருங்கல் குவாரிகள் மிகுந்த சித்தூர்ப் பக்கத்தில் வேலிக்கென்று பிளந்து விற்கப்படும் கல்தூண்கள் இதற்கு மரத்தைவிட ஏற்றவை. கரையான் அரிக்காது, மழையில் இற்றுப்போகாது. எட்டரை அடித் தூண்கள் நான்கைப் பத்தடிக்குப் பத்தடி சதுரத்தில் இரண்டடி ஆழம் புதைத்து, மேலே விளிம்புகளில் தடித்த ஜி.ஐ. கம்பியை இழுத்துக் கட்டி, நடுவே ஓரடி இடைவெளியில் மெல்லிய கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால், ஆள் நிமிர்ந்து நின்று காய் பறிக்கும் உயரத்தில் பந்தல் அமைந்துவிடும். கார்த்திகைப் புயற்காற்றில் இலையடர்ந்த கொடி பாய்போலக் காற்றைப் பிடிக்கும் என்பதால், தூண்களின் உச்சியிலிருந்து வெளிப்புறமாக இழுகம்பி கட்டித் தரையில் முளையடிப்பது நல்லது. கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றி, தொட்டபின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும்; அப்போதுதான் அது பல கிளைகளாகப் பிரிந்து பந்தல் முழுதும் பரவும்.

பந்தலுக்கு உரிய பயிர்களில் அவரைக்குத் தனி இடம் உண்டு. கொடி அவரை, பகற்பொழுது குறையும்போது மட்டுமே பூக்கும் இயல்புடையது. இத்தகையவற்றைத் தாவரவியலார் குறும்பகல் தாவரங்கள் என்பர். சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் அது ஐப்பசியை ஒட்டியே பூவெடுப்பதால், முன்கூட்டி விதைப்பவருக்கு இலைதான் மிகுதியாகக் கிடைக்கும். பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஆர்க்கா ஜெய், ஆர்க்கா விஜய் ஆகிய குத்து அவரை ரகங்கள் இந்தப் பகல்நீளக் கட்டுப்பாட்டுக்கு உட்படாதவை. பந்தல் இல்லாதோர் அவற்றை ஆண்டின் வேறு மாதங்களிலும் வளர்க்கலாம்.

பீர்க்கை, சுரை, புடலை, பாகல் ஆகிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன. பெண்பூவின் அடியில் விரற்கடை அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும். தேனீக்கள் குறைந்த நெருக்கமான குடியிருப்புகளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்வது பெரும்பாலும் மகரந்தம் சேராமையாலேயே நேர்கிறது. இதை உரக்குறை என்று எண்ணி எருவைக் கொட்டுவதால் பயனில்லை. அன்று மலர்ந்த ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை மடித்து, அதன் மஞ்சள் தூள் பெண்பூவின் நடுவிலுள்ள பிசுபிசுப்பான சூல்முடியில் படும்படி மெல்லத் தடவினால் போதும். பாகற்பூ காலையில் மலர்வது. பீர்க்கையும் சுரையும் மாலை மங்கும் வேளையில் மலர்பவை என்பதால், அவற்றுக்கு விளக்கேற்றும் நேரமே உரிய நேரம். சூல்கொண்ட பிஞ்சைப் பழ ஈ குத்தி முட்டையிடுவதற்குள் பழைய செய்தித்தாளைப் பையாக மடித்துக் கட்டிவிடுவது, மருந்து தெளிப்பதைக் காட்டிலும் நம்பத்தக்க காப்பு. கோவைக்காயைத் தண்டு நட்டு ஒருமுறை ஏற்றிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் காய்க்கும்.

பந்தலின் கீழே நிழல் தாங்கும் மஞ்சள், சேப்பங்கிழங்கு, புதினா, கோடைக் கொத்தமல்லி ஆகியவை வளரும். வெயில் விழும் மற்றப் பகுதி கீரைக்கும் கத்தரி, வெண்டை, மிளகாய்க்கும் உரியது. தண்டுக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். ஆந்திரத்துக் கோங்கூராவான புளிச்சைக்கீரையோ கிள்ளக் கிள்ளத் துளிர்த்து மாதக்கணக்கில் பலன் தரும். மேலைநாட்டுத் தோட்ட நூல்கள் மேட்டுப்பாத்தியைப் பெரிதும் பரிந்துரைத்தாலும், இங்கே கோடையில் மேடு விரைவில் உலர்ந்துவிடுவதால் தரையைவிட அரையடி தாழ்ந்த குழிப்பாத்தியே நீரைக் காக்கிறது. புரட்டாசிக்குப் பின் அதையே மேடாக்கி வடிகால் விட வேண்டும். 2021 நவம்பரில் திருப்பதியைச் சூழ்ந்த வெள்ளம் போன்ற மழையில் தாழ்ந்த பாத்தியின் வேர்கள் அழுகாமல் தப்புவதில்லை.

கோடையில் சதுர மீட்டர் பாத்தியிலிருந்து நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் நீர் ஆவியாவதால், 200 சதுர அடித் தோட்டம் ஏறத்தாழ 100 லிட்டர் கேட்கும். 600 சதுர அடிக் கூரையின்மேல் ஓராண்டில் விழும் மழை 50,000 லிட்டர். ஆனால் 2,000 லிட்டர்த் தொட்டியில் சேமித்தது 20 நாட்களுக்குத்தான் வரும். எனவே தொட்டி நிரம்பிய பின் வழியும் நீரை உறிஞ்சுகுழியில் இறக்கி ஆழ்துளைக் கிணற்றைக் காப்பதும், நீர்ச்செலவைக் குறைப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும். சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடினால், பானையின் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் சுற்றிலுமுள்ள கத்தரி, மிளகாய் வேர்களுக்கு நேரே சேர்கிறது. மண்ணை மூடும் மூடாக்குக்கு இந்த வேர்க்கடலைச் சீமையில் கடலைத்தோலைவிட எளிதாகக் கிடைக்கும் பொருள் வேறில்லை. அரிசி கழுவிய நீரை எதற்கும் விடலாம். துணி அலசிய நீர் வாழைக்கும் சேம்புக்கும் மட்டுமே ஏற்றது.

உரத்தைப் பொறுத்தவரை, ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா 2016 முதல் நடத்திவரும் இயற்கை வேளாண் திட்டம் வீட்டுக் காய்கறித் தோட்டங்களையும் உள்ளடக்கியது. 2024-இல் போர்ச்சுக்கலின் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்து பெற்ற திட்டமும் இதுவே. அதில் அடிப்படையாக விளங்கும் ஜீவாமிர்தம் என்பது சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் ஆகியவற்றை நீரில் கரைத்து இரண்டு நாள் நிழலில் புளிக்கவைத்த நுண்ணுயிர்க் கரைசல். ஏக்கருக்கு 200 லிட்டர் என்பது வழக்கமான அளவாதலால் ஒரு சென்ட்டுக்கு இரண்டு லிட்டரே போதும். ஆகவே அரைக்கிலோ சாணம், அரை லிட்டர் கோமியம், நூறு நூறு கிராம் வெல்லமும் மாவும் சேர்த்துப் பத்து லிட்டர் வாளியில் தயாரித்தால் ஐந்து வீட்டாருக்குப் பங்கிடலாம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டிய கரைசல் என்பதால் இவ்வாறு பங்கிடுவதே அறிவுடைமை.

அலிபிரிப் பக்கத்து அடிவார வீடுகளில் குரங்குகளின் வரவைத் தடுக்க இயலாது. அங்கே தக்காளியும் வெள்ளரியும் தங்குவது அரிது. பாகல், சேப்பங்கிழங்கு, மஞ்சள், கறிவேப்பிலை, கோங்கூரா ஆகியவற்றைக் குரங்குகள் பெரும்பாலும் விட்டுவைக்கின்றன. விதையைப் பொறுத்தவரை, வீரிய ஒட்டு ரகங்களின் விதை அடுத்த தலைமுறையில் தாய்ச்செடியின் இயல்பைக் காப்பதில்லை என்பதால் நாட்டு ரகங்களையே தேர்ந்துகொள்ள வேண்டும். அவரை தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது ஆதலால் அதன் விதையைச் சேமிப்பது எளிது. மாசியில் கொடியிலேயே முற்றிக் காய்ந்த நெற்றுகளைப் பறித்து, விதையைச் சாம்பலில் புரட்டி மூடிவைத்தால் அடுத்த ஆடிக்கு விதை கையிருப்பில் இருக்கும்.