முனையில் இருக்கிறது முகவரி

ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே தேர்வாய்கண்டிகையும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், தெற்கே திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டையும், வடக்கே எல்லை தாண்டினால் சத்தியவேடும் ஸ்ரீசிட்டியும் இருக்கின்றன. இப்படிப்பட்ட தொழில் வட்டாரங்களில் பெரிய கம்பெனிகள் பொருத்தி அனுப்பும் பொருள்களுக்குள் இருக்கும் புஷ், பின், ஸ்பேசர் போன்றவற்றில் பல, பத்துப் பேர்கூட இல்லாத லேத் பட்டறைகளில் கடைந்தவை. அந்தப் பட்டறைகளுக்கு இப்போது ஆர்டரோடு ஒரு படிவமும் வருகிறது. இதில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு, ஆறு இணைதிறன் குரோமியம் உண்டா, இரும்பு எந்த மில்லில் வார்த்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாதே என்ற பயத்தில், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

அந்தக் கேள்விகள் சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுபவை அல்ல. கேபிளில் காட்மியம் இருந்ததற்காக 2001-இல் நெதர்லாந்து, சோனியின் 13 லட்சம் பிளேஸ்டேஷன் பெட்டிகளைத் தடுத்து நிறுத்தியது. 2008 அக்டோபரில் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கதிரியக்கம் இருப்பது தெரியவந்தது. அவற்றைக் கையாண்ட தொழிலாளர்கள் சுமார் 20 பேர் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தார்கள். தேடிக்கொண்டே வந்தபோது தடம் மகாராஷ்டிரத்தில் ஒரு வார்ப்பாலையில் வந்து நின்றது. பழைய இரும்போடு கதிரியக்கப் பொருளும் உலைக்குள் போயிருந்தது. கும்மிடிப்பூண்டியிலும் ஸ்கிராப்பை உருக்கும் உலைகள் உண்டு. எந்த உருக்கு எந்தப் பொத்தானாயிற்று என்று சொல்ல முடியாமல் போனால், விஷம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

உலையில் ஒரு முறை உருக்கி இறக்கும் மொத்தத்துக்கும் ஒரே எண். அதுதான் ஹீட் நம்பர். மில் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில், தொழிலில் டி.சி. என்பார்களே அதில், அந்த எண்ணுக்கு நேராகக் கார்பன், மாங்கனீசு, கந்தகம் எல்லாம் எழுதியிருக்கும். இரும்பு சாத்தங்காடு அங்காடிக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர்க் கடைக்குப் போய், அப்புறம்தான் பட்டறைக்கு வரும். ராடின் ஒரு முனையில் எண்ணைப் பஞ்ச் அடித்தோ பெயின்டில் எழுதியோ இருப்பார்கள். ஹேக்சாவில் ஏற்றும்போது அந்த முனையை முதலில் அறுத்துவிட்டால் கதை முடிந்தது. மீதி ராடு மூலையில் சாய்த்து வைத்த மற்ற ராடுகளோடு கலந்துவிடும். அளவு ஒன்று, நிறம் ஒன்று. கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. எண் இல்லாத முனையிலிருந்து அறுக்க வேண்டும். எண் அழிந்திருந்தால், மீதியை வைக்குமுன் அதைத் திரும்பப் பஞ்ச் அடிக்க வேண்டும். வேலைச் சீட்டிலும் டெலிவரி சலானிலும் அதே எண் ஏற வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு பஞ்ச் செட்டும் ஒரு நோட்டும் போதும்.

மின், மின்னணுப் பொருள்களில் ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கு வரம்பு கட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம் நாட்டில் அதே கட்டுப்பாடு மின்கழிவு விதிகள் வழியாக 2014 மே 1 முதல் வந்தது. ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காட்மியத்துக்கு வரம்பு 0.01. ஆனால் லேத்தில் சுலபமாகக் கடைய ஈயம் கலந்த எஃகும் பித்தளையும் வாங்குகிறோம். எஃகில் 0.35, பித்தளையில் 4 சதவீதம் வரை விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் காலக்கெடு உண்டு. விதிவிலக்கைக் குறிப்பிட்டு எழுதினால் சரக்கு போகும். "ஈயம் இல்லை" என்று எழுதினால் அது பொய்ச் சான்று.

பிளேட்டிங்கில் சிக்கல் இன்னும் அதிகம். கணக்கு ஸ்க்ரூவின் மொத்த எடைக்கு இல்லை, மேலே உள்ள மெல்லிய பூச்சுக்கு மட்டும். மஞ்சள் பாஸிவேஷனில் ஆறு இணைதிறன் குரோமியம் வெகுகாலம் புழங்கியது. அந்தக் குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமேட்டைச் சுற்றி வாழ்கிறவர்கள் அறிவார்கள். இன்று மூன்று இணைதிறன் பூச்சிலும் மஞ்சள் நிறம் வருகிறது. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி குரோமியம் உண்டு என்று காட்டும். எந்த வகை என்று சொல்லாது. அதற்கு ரசாயனச் சோதனைதான் வழி. பிளேட்டிங் கடைக்காரர் எந்தக் கரைசலில் முக்கினார் என்று எழுதி வாங்காமல் பட்டறைக்காரர் கையெழுத்துப் போடுவது, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் நிற்பதுதான்.

இதில் சிறு பட்டறைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமே அல்ல. ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகள் பைசா கணக்கில் விலையைக் குறைத்துவிட்டு, சோதனைச் செலவையும் பொறுப்பையும் கீழே தள்ளுகின்றன. பட்டறை முதலாளிகளே, தெரியாத கட்டத்தில் "தெரியாது, கேட்டிருக்கிறேன்" என்று எழுதுங்கள், டி.சி. வராமல் ராடை இறக்காதீர்கள். கம்பெனிகளே, சோதனைக் கட்டணத்தைப் பர்ச்சேஸ் ஆர்டரில் தனி வரியாகப் போட்டுக் கொடுங்கள். சிட்கோவும் சிப்காட்டும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் சிறு பட்டறைகள் நடந்துபோய்ச் சோதித்து வரும்படி, அவர்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் பொதுச் சோதனைக் கூடம் நடத்த வேண்டும்.