பனி கூறும் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் பண்டை வரலாற்றை நமக்குக் கூறுகின்றன. மனிதன் கைபடாத ஏடு ஒன்றும் உண்டு. மன்னரும் புலவரும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அது எழுதப்படலாயிற்று. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் மலையெனக் குவிந்து கிடக்கும் பனியே அவ்வேடு.

அந்நிலங்களில் பெய்யும் பனி, குளிரின் மிகுதியால் உருகாது தங்கிவிடுகின்றது. பழைய பனியின்மேல் புதிய பனி ஆண்டுதோறும் படிகின்றது. மேலடுக்குகளின் பாரத்தால் கீழடுக்குகள் இறுகிப் பனிக்கட்டியாகின்றன. அப்போது பனித்துகள்களின் இடையே இருந்த காற்று, வெளியேற வழியின்றிச் சிறு குமிழிகளாக உள்ளே சிறைப்படுகின்றது. தூசியும் எரிமலைச் சாம்பலும் அங்ஙனமே தங்கிவிடுகின்றன. ஆழம் மிகுந்தோறும் பனியின் வயதும் மிகும்.

விஞ்ஞானிகள் குழாய் வடிவான துளைக்கருவியால் இப்பனியைத் துளைத்து, உருளை வடிவத் துண்டுகளாக வெளியே எடுக்கின்றனர். அவற்றை உருகாவண்ணம் குளிர் அறைகளில் பாதுகாக்கின்றனர். பிரெஞ்சு அறிஞர் கிளாட் லோரியஸ் 1965ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவில் இருந்தபோது, குவளையில் இட்ட பழம் பனிக்கட்டி உருகுவதையும் அதினின்று காற்றுக் குமிழிகள் எழுவதையும் கண்டார். அக்குமிழிகள் பண்டைக் காலத்துக் காற்றே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. சிறிய காட்சியிலிருந்து பெரிய ஆராய்ச்சி பிறந்தது.

இவ்வேடு கூறும் செய்திகளுள் ஒன்று ஈயத்தைப் பற்றியது. உரோமானியர் வெள்ளி எடுப்பதற்காக ஈயம் கலந்த தாதுவை உலைகளில் உருக்கினர். அப்புகை காற்றில் பரந்து கிரீன்லாந்துப் பனியிலும் படிந்தது. கி.பி. 165இல் அப்பேரரசில் கொள்ளைநோய் பரவியது. சுரங்கத் தொழில் தளர்ந்தது. அக்காலப் பனியில் ஈயத்தின் அளவும் குறைந்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இவ்வுண்மையை விளக்கிற்று.

ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும். ஆயினும் 1920ஆம் ஆண்டுகள் முதல் மோட்டார் வண்டிகளுக்கான பெட்ரோலில் அது கலக்கப்பட்டு வந்தது. அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன் துருவப் பனியை ஆராய்ந்து, பழைய பனியைவிடப் புதிய பனியில் ஈயம் பன்மடங்கு மிகுந்திருத்தலைக் காட்டினார். ஈயத் தொழிலார் அவரை எதிர்த்தனர். அவருக்குக் கிடைத்துவந்த பொருளுதவி சில இடங்களில் நின்றது. அவரோ உண்மையைக் கைவிட்டாரில்லை. நாடுகள் ஒவ்வொன்றாக ஈயம் கலப்பதைக் கைவிட்டன. இந்தியாவில் அது 2000ஆம் ஆண்டில் நின்றது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஈயம் கலந்த மோட்டார் பெட்ரோலின் விற்பனை முடிவுற்றது.

மற்றொரு செய்தி கரியமில வாயுவைப் பற்றியது. ஐரோப்பிய விஞ்ஞானிகள் அண்டார்க்டிகாவில் 3,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் துளைத்து, 8 இலட்சம் ஆண்டுகளின் காற்றை ஆராய்ந்தனர். அந்நெடுங்காலத்தில் இவ்வாயு, காற்றின் பத்து இலட்சம் பகுதிகளில் ஏறத்தாழ 180 முதல் 300 பகுதி வரையே இருந்தது. குளிர் மிகுந்த காலங்களில் அது குறைந்தும் வெப்பம் மிகுந்த காலங்களில் கூடியும் நின்றது. நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவில் எரிக்கப்படுவதற்கு முன்னர் 280 பகுதியாக இருந்த அது, 2024ஆம் ஆண்டில் 420ஐக் கடந்துவிட்டது. இவ்வாயு வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பதால் உலகம் சூடேறி வருகின்றது.

2025ஆம் ஆண்டு சனவரியில் 2,800 மீட்டர் ஆழத்தை எட்டி, 12 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பனி வெளியில் எடுக்கப்பட்டது. ஏட்டின் பழைய பக்கங்கள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. ஈயத்தைப் பற்றிப் பனி உரைத்த எச்சரிக்கையை உலகம் காலந்தாழ்த்தேனும் கேட்டது, நன்மை விளைந்தது. கரியமில வாயுவைப் பற்றிய எச்சரிக்கையோ இன்னும் முற்றும் செவியேறவில்லை. கதிரவனின் ஒளியும் காற்றின் விசையும் மின்னாற்றல் தரக் காத்திருக்கின்றன. அவற்றைப் போற்றிப் பயன்கொள்ளுதல் இத்தலைமுறையின் கடமையாகும். இன்று விடும் புகையும் நாளைய பனியில் எழுதப்படும்; பின்வருவோர் அதனைப் படிப்பர்.