பெயர் சொல்லும் சிறு அட்டை

சொந்த ஊரில் உங்கள் தோட்டத்து மிளகாயை வாங்க வந்தவருக்கு உங்கள் தகப்பனாரையும் தெரிந்திருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்கள், காணியோடு அந்த அறிமுகத்தையும் இழந்தன. கற்பிட்டி வீதி பிரியும் பாலாவியில் ஒருமுறை மிளகாய்த்தூள் வாங்கிப் போகும் வெளியூர் வியாபாரி, மறுமுறை யாரைத் தேடி வருவார்?

பெயரட்டைக்குப் பெருஞ்செலவு வேண்டாம் என்பதே நாம் சொல்ல வருவது. ஏ4 அளவுத் தடித்த தாளொன்றில், 90க்கு 55 மில்லிமீற்றர் அளவில் 10 அட்டைகள் வெட்டலாம். 10 தாளில் 100 அட்டைகள். பெயர், தொழில், தொலைபேசி இலக்கம் மூன்றும் கொண்ட இறப்பர் முத்திரைகள் இரண்டு செய்வியுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். சிங்களம் நன்கறிந்தவரிடம் எழுத்துப் பிழை பார்ப்பியுங்கள். வழவழப்பான தாளில் மை பரவும், சொரசொரப்பானதே நல்லது. ஒரு பக்கம் காய்ந்த பின்பே மறுபக்கம் குத்துங்கள்.

குடியிருப்பு மாறக்கூடுமானால் முகவரியை முத்திரையில் சேர்க்காமல் பேனையால் எழுதுங்கள். மூலையில் பிள்ளைகள் ஒரு மிளகாய் வரையட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும்.

விற்கும் ஒவ்வொரு பொதியோடும் ஓர் அட்டையை வைத்துக் கொடுங்கள். பொருள் நன்றாயிருந்தால், வாங்கியவர் அந்த இலக்கத்தைத் தேடுவார்.